ஒப்பந்தத்துக்குப் பிறகு நேரம் கொடுப்பது யார்?

அரசும் பல்கலைக்கழகமும் தொழில் நிறுவனமும் கைகோத்து, உலகில் எங்கு போனாலும் வேலை செய்யக்கூடிய இளைஞர்களை உருவாக்க வேண்டும் என்ற பேச்சை மூன்று பக்கத்து நாற்காலிகளிலும் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். முதலில் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் இருந்தேன். பயிற்சி மாணவர்கள் வந்தால் எங்கள் பிரிவுக்குத்தான் அனுப்புவார்கள். பிறகு ஒரு பல்கலைக்கழகத்தில் தொழில்துறைத் தொடர்புப் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் இருந்ததால், அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றின் ஆலோசனைக் குழுவிலும் சில காலம் இடம் கிடைத்தது.

இத்தனைக்கும் பிறகு எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: ஒவ்வொரு தரப்பும் தனக்குச் சுலபமானதைக் கொடுத்துவிட்டு, அதைக் கூட்டுமுயற்சி என்று சொல்லிக்கொள்கிறது. அரசு நிதி ஒதுக்குகிறது. பல்கலைக்கழகம் அரங்கத்தையும் மாணவர்களையும் கொடுக்கிறது. நிறுவனம் சிறப்புரைக்கு ஆள் அனுப்புகிறது. மாணவனை வளர்ப்பதற்குத் தேவையானவையோ கொடுப்பவருக்குக் கொஞ்சம் வலிக்கும். வேலை தெரிந்த ஒருவரின் நேரத்தை நிறுவனம் தர வேண்டும். பல்கலைக்கழகம் தன் கால அட்டவணையை உடைக்க வேண்டும். அரசு பல ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். எல்லை தாண்டியும் செல்லுபடியாகும் சான்றிதழுக்காகப் பிற நாடுகளோடு பேசி முடிக்க வேண்டும்.

நிறுவனத்தில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன் பயிற்சிக்கு வந்திருந்தான். நல்ல மதிப்பெண், வரைகலை மென்பொருளில் நல்ல வேகம். வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய படத்தைப் பார்த்து பாகங்களைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு பிராக்கெட்டை முப்பரிமாணத்தில் வரைந்து, மாதிரி செய்யக் கொடுத்தான். மாதிரி வந்தபோது இடப்பக்கம் இருக்க வேண்டிய துளைகள் வலப்பக்கம் இருந்தன. கண்ணாடியில் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி ஒரு பிராக்கெட்.

பணிமனை சூப்பர்வைசர் திட்டவில்லை. படத்தின் அச்சுப் பிரதியை மேசையில் விரித்து, கீழ்மூலையில் இருந்த சின்னக் குறியீட்டின் மேல் விரலை வைத்தார். நுனி வெட்டிய கூம்பு, பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்கள்.

"தம்பி, இது என்ன?"

"தேர்ட் ஆங்கிள், சார்."

"நீ காலேஜ்ல வரைஞ்சது?"

"ஃபர்ஸ்ட் ஆங்கிள், சார்."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே விளங்கிவிட்டது. ஒரு பொருளின் தோற்றங்களைத் தாளில் அடுக்க இரண்டு முறைகள் உண்டு. படம் எந்த முறையில் இருக்கிறது என்பதை அந்தக் குறியீடு சொல்லும். ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறையில், பொருளை இடப்பக்கமிருந்து பார்த்த தோற்றத்தை முன்தோற்றத்துக்கு வலப்பக்கம் வரைவார்கள். தேர்ட் ஆங்கிளில் அது இடப்பக்கமே வரும். ஐரோப்பாவில் பெரும்பாலும் முதல் முறை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இரண்டாவது. இரண்டும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. தேர்வில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பான். படம் கைக்கு வந்ததும், எதையும் அளப்பதற்கு முன்னால் கண் அந்த மூலைக்குப் போக வேண்டும் என்ற பழக்கம்தான் அவனிடம் இல்லை. அது வேலை செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வரும்.

அதன்பின் அந்த சூப்பர்வைசர் தினமும் சிறிது நேரம் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வாடிக்கையாளருக்குப் போகும் மின்னஞ்சல்களை அவனையே எழுதச் சொல்லிப் பார்த்தார். 'வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் அனுப்பிவிடுவோம்' என்று அவன் எழுதியிருந்தான். "யாரோட அஞ்சு மணி? நம்மளோடதா, அவங்களோடதா?" என்று கேட்டார். தேதியை 03/04 என்று போட்டிருந்ததை அடித்துவிட்டு, மாதத்தின் பெயரை எழுத்தில் எழுத வைத்தார். அதை மார்ச் 4 என்று படிக்கும் நாடும் உண்டு, ஏப்ரல் 3 என்று படிக்கும் நாடும் உண்டு. உலகளாவிய பணித்திறன் என்று அறிக்கைகளில் பெரிதாக எழுதுகிறோமே, அதில் பாதி இந்த மாதிரிச் சின்னச் சின்ன எச்சரிக்கைகள்தான். மீதிப் பாதி, புரியாததைக் கூட்டத்தின் நடுவில் கூச்சமில்லாமல் திரும்பக் கேட்கும் துணிவு. அந்த மாணவனுக்குப் பயிற்சி முடிவதற்குள் இரண்டும் வந்துவிட்டன.

சூப்பர்வைசரின் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் பயிற்சி மாணவனைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. உற்பத்தி எண்ணிக்கை, குறைபாட்டு விகிதம், கெடு தவறாமை, இவ்வளவுதான். மாணவனுக்குக் கொடுத்த ஒவ்வொரு மணி நேரமும் அவர் கணக்கில் நஷ்டம். நல்ல மனம் படைத்தவர் என்பதால் கொடுத்தார். தனிமனிதரின் நல்ல மனதை நம்பி ஒரு தலைமுறைக்கான திட்டம் போட முடியாது.

பல்கலைக்கழகம் சார்பில் ஒப்பந்தம் பேசும் இடத்துக்கு வந்தபோது, எத்தனை பேரை எடுப்பீர்கள் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். மாணவனைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார், அவரால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும், அந்த நேரம் அவருடைய மதிப்பீட்டில் கணக்கில் வருமா, இந்த மூன்றும்தான் முதல் கேள்விகள். மனிதவளத் துறையினரிடம் பெரும்பாலும் பதில் இருக்காது. பணிப்பிரிவு மேலாளரைக் கூப்பிடுவார்கள். உண்மையான பேச்சு அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் தொடங்கும். சில நிறுவனங்கள் இந்தக் கேள்விகளோடு விலகிக்கொண்டன. அதில் எனக்கு வருத்தமே இல்லை. மாணவனை வரவேற்பறையிலும் நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலும் உட்கார வைத்துவிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் இடங்கள் குறைந்தது நல்லதுதான்.

இதைச் சட்டமாகவே வைத்திருக்கும் நாடு ஜெர்மனி. அங்கே தொழிற்பயிற்சி பெறுகிறவர் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில், மீதி நாள் தொழிற்பள்ளியில். 1969-இல் வந்த தொழிற்கல்விச் சட்டம் இதற்கு அடிப்படை. எந்தத் தொழிலுக்கு என்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதை முதலாளிகள், தொழிற்சங்கங்கள், அரசு மூன்று தரப்பும் உட்கார்ந்து முடிவு செய்கின்றன. இறுதித் தேர்வை வர்த்தக, கைவினைச் சங்கங்கள் நடத்துகின்றன. தேர்வுக் குழுவில் முதலாளிகள், தொழிலாளர்கள், ஆசிரியர்கள் எல்லோரும் உண்டு. என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு விதி. நிறுவனத்துக்குள் கற்றுக்கொடுக்கப் போகிறவர், தனக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியும் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். வேலையில் கெட்டிக்காரர் என்பது மட்டும் போதாது. இந்த விதி சுமையாக இருக்கிறது, எடுத்துவிட்டால் இன்னும் நிறைய நிறுவனங்கள் பயிற்சி தர முன்வரும் என்று நினைத்து 2003-இல் நிறுத்தி வைத்தார்கள். பயிற்சியின் தரம் குறைவதாகவும் பாதியில் விட்டுப் போகிறவர்கள் கூடுவதாகவும் தெரியவந்து, 2009-இல் மறுபடியும் கொண்டுவந்தார்கள். ஆலோசனைக் குழுவில் யாராவது 'விதிகளைத் தளர்த்தினால் நிறுவனங்கள் தானாக வரும்' என்று சொல்லும்போதெல்லாம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

பல்கலைக்கழகத்தின் பக்கம் வருகிறேன். இங்கே பணத்தைவிடப் பெரிய தடை கால அட்டவணை. நிறுவனத்துக்கு ஒரு மாணவன் பயன்பட ஆரம்பிக்கவே இரண்டு மாதம் ஆகும். நாம் அனுப்புவதோ விடுமுறையில் நான்கைந்து வாரம். கற்றுக்கொடுத்து முடிப்பதற்குள் அவன் கிளம்பிவிடுவான். அடுத்த முறை அந்த மேலாளர் தொலைபேசியை எடுக்கவே தயங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்தச் சிக்கலுக்கு நூறாண்டுக்கு முன்பே விடை கண்டவர் ஹெர்மன் ஷ்னைடர். அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1906-இல் 27 பொறியியல் மாணவர்களோடு ஆரம்பித்தார். மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு வாரம் ஓர் அணி தொழிற்சாலையில், மற்றது வகுப்பில்; அடுத்த வாரம் மாற்றி. தொழிற்சாலையில் அந்த இடம் ஒருபோதும் காலியாக இருக்காது. முதலாளிக்கு வேண்டியது அதுதான் என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் பிறக்கும்போதே, உள்ளூர்த் தொழிலதிபர்களின் முயற்சியால், இந்த முறையோடு பிறந்தது. இப்போது அங்கே நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் சம்பளத்தோடு வேலை என்று பருவங்கள் மாறி மாறி வருகின்றன. ஆண்டு முழுவதும் வேலையில் ஓர் அணி இருந்துகொண்டே இருக்கும்.

நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. ஒரே ஒரு துறையில், ஒரு முழுப் பருவத்தை வேலைக்கு ஒதுக்கினோம். அதற்கே பாடத்திட்டக் குழுவில் பல சுற்று விவாதம். என் பாடத்தைக் குறைத்துவிட்டு யாரோ ஒரு மேலாளர் சொல்லிக்கொடுப்பதற்குக் கிரெடிட்டா என்று மூத்த பேராசிரியர்கள் கேட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. நாளைக்கே காலாவதியாகும் ஒரு மென்பொருளை மட்டும் பழக்கிவிட்டு, அடிப்படைக் கணிதத்தைக் கோட்டை விட்டால் மாணவன் ஐந்தாண்டில் தேங்கிவிடுவான். ஆகவே ஒரு ஏற்பாடு செய்தோம். மாணவன் செய்யும் வேலையை மாதம் ஒருமுறை பேராசிரியர் நேரில் போய்ப் பார்ப்பார். மதிப்பெண்ணில் பாதி அவர் கையில், பாதி நிறுவனத்தின் கையில். போய்வந்த பேராசிரியர்கள் சிலர் அங்கே பார்த்த சிக்கல்களையே வகுப்பில் கணக்காகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நான் எதிர்பார்த்ததைவிட அது நல்ல பலன் தந்தது. ஆனால் இவர்களுக்கும் சூப்பர்வைசருக்கு நேர்ந்ததே நேர்கிறது. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளை எண்ணுகிறார்கள். தொழிற்சாலைக்குப் போய்வந்த நாட்களை யாரும் எண்ணுவதில்லை. பல்கலைக்கழகங்கள் இதை மாற்றாமல் நிறுவனங்களிடம் மட்டும் நேரம் கேட்பது நியாயமாகாது.

இன்னொரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி அறிக்கையைத் துறையில் சமர்ப்பிக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. எதையும் வெளியே எடுத்துப் போகக்கூடாது என்பது நிறுவன விதி. கடைசி வாரத்தில் இரண்டுக்கும் நடுவில் மாணவன் மாட்டிக்கொள்வான். எதை எழுதலாம், யார் பார்த்து ஒப்புதல் தருவார், அவர் எத்தனை நாளில் பதில் தர வேண்டும், மாணவன் கண்டுபிடித்த ஒன்றுக்கு உரிமை யாருக்கு என்பதை முதல் நாளே தாளில் எழுதிவிடுங்கள். சட்டப்பிரிவின் மாதிரி ஒப்பந்தத்தில் இது பெரும்பாலும் மாணவனுக்குப் பாதகமாகவே இருக்கும். கையெழுத்து போடுவதற்கு முன் மாணவனோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிக்க ஒருவர் வேண்டும்.

ஜப்பானில் கால அட்டவணை வேறு விதமாகக் குறுக்கே நின்றது. வெளிநாட்டில் ஓர் ஆண்டு படிக்கப் போனால், உள்நாட்டில் நிறுவனங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் ஆள் எடுக்கும் வாய்ப்பைத் தவறவிடுவோமே என்று மாணவர்கள் தயங்கினார்கள். உலக அனுபவம் வேண்டும் என்று கேட்டதும் அதே நிறுவனங்கள்தான். டோக்கியோ பல்கலைக்கழகம், வெளிநாட்டுக் கல்வியாண்டோடு பொருந்தும்படி, இலையுதிர்காலச் சேர்க்கைக்கு மாறலாமா என்று யோசித்து, கடைசியில் 2015-இல் கல்வியாண்டை நான்கு பருவங்களாகப் பிரித்தது. அரசும் நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் 'டொபிடாட்டே' உதவித்தொகைத் திட்டம் 2014-இல் முதல் அணியை அனுப்பியது. பெருமளவு நிதி நிறுவனங்களின் நன்கொடை. மதிப்பெண்ணையும் மொழித்தேர்வுப் புள்ளியையும் தகுதியாக வைக்காமல், எங்கே போய் என்ன செய்யப் போகிறேன் என்று மாணவரே எழுதும் திட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அது. தன் திட்டத்தைத் தானே எழுதியவன், அங்கே போய்ச் சிக்கல் வந்தால் யாரையும் எதிர்பார்த்து நிற்க மாட்டான்.

அரசிடம் எதிர்பார்க்க வேண்டியது என்ன? நிதியைவிட முக்கியம் இரண்டு என்பேன். முதலாவது, பொறுமை. நிதியாண்டு முடிவதற்குள் எண்ணிக்கை கேட்டால், எண்ணிக்கைதான் கிடைக்கும். எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை ஆணை கிடைத்தது என்று கேட்பார்கள். ஆணை கிடைத்தவர் ஆறு மாதம் கழித்து அதே வேலையில் இருக்கிறாரா என்று கேட்க மாட்டார்கள். குழுவில் நான் திரும்பத் திரும்ப வாதாடியது இதற்காகத்தான். ஜப்பான் 2014-இல் 37 பல்கலைக்கழகங்களைத் தேர்ந்து தொடங்கிய உலகளாவியப் பல்கலைக்கழகத் திட்டத்துக்குப் பத்தாண்டு காலம் கொடுத்தது. பாடத்திட்டத்தை மாற்றி, அதில் படித்தவர் வேலைக்குப் போய் நிலைப்பதைப் பார்க்கக் குறைந்தது அவ்வளவு காலம் வேண்டும்.

இரண்டாவது, அங்கீகாரம். நிறுவனமோ பல்கலைக்கழகமோ இதைத் தனியாகச் செய்யவே முடியாது. பொறியியல் பட்டங்களின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள வாஷிங்டன் உடன்பாடு 1989-இல் வந்தது. இந்தியா அதில் நிரந்தர உறுப்பினரானது 2014-இல். ஐரோப்பாவில் ஓராண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட் என்று பொதுக்கணக்கு இருப்பதால், ஒரு நாட்டில் படித்த பருவத்தை இன்னொரு நாட்டில் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடிகிறது. இந்த வேலையெல்லாம் யார் கண்ணிலும் படாது. திறப்பு விழாவும் கிடையாது. ஆனால் இது இல்லாவிட்டால், திறமை இருந்தும் ஆள் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும்.

அப்படி நின்றவர்களின் கதையும் இருக்கிறது. நாடுகளுக்கிடையிலான பொருளாதார ஒப்பந்தத்தின்படி 2008-இலிருந்து இந்தோனேசியச் செவிலியர்கள் ஜப்பானுக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு பிலிப்பைன்ஸிலிருந்தும். எல்லோரும் தங்கள் நாட்டில் தகுதி பெற்றவர்கள். ஜப்பானிய மொழியில் தேசியத் தேர்வு எழுதித் தேறினால்தான் அங்கே செவிலியராகலாம். 2009-இல் எழுதிய 82 பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை. 2010-இல் 254 பேரில் 3 பேர். நோயாளியைக் கவனிக்கத் தெரியாதவர்கள் என்றா அர்த்தம்? மருத்துவச் சொற்களைக் கான்ஜி என்ற, சீனாவிலிருந்து வந்த எழுத்தில் படிக்கும் அளவுக்கு மொழிப் பயிற்சியை முன்கூட்டியே யாரும் திட்டமிடவில்லை. பின்னால் தேர்வுத்தாளில் கான்ஜிக்கு மேல் உச்சரிப்பைச் சேர்த்தார்கள், இவர்களுக்குத் தேர்வு நேரத்தையும் கூட்டினார்கள். போகிற நாட்டின் தொழில்மொழியைக் கிளம்புவதற்கு முன்பே, மாதக்கணக்கில், சம்பளத்தோடு கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று நான் இப்போது முதலிலேயே கேட்கிறேன்.

கப்பல் துறையும் இதே பாடத்தைச் சொல்கிறது. உலகம் முழுவதற்கும் பொதுவான தகுதி விதிகள் அதற்கு 1978-இல் உருவான பன்னாட்டு ஒப்பந்தத்திலிருந்தே உண்டு. கப்பலைச் செலுத்தும் பிரிவில் அதிகாரியாக வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியோடு குறைந்தது 12 மாதக் கடல் பணி வேண்டும். வகுப்பறையில் இடம் எளிதாகக் கிடைக்கும். கப்பலில் பயிற்சி இடம் கிடைக்காமல் காத்திருக்கும் இளைஞர்களைச் சந்தித்திருக்கிறேன். கப்பல் நிறுவனங்கள் எத்தனை இடம் தரும் என்று எழுத்தில் வாங்காமல் கல்லூரிக்குச் சேர்க்கை அனுமதி கொடுத்தால் இப்படித்தான் ஆகும். எந்தத் துறையானாலும் சேர்க்கை எண்ணிக்கையைப் பயிற்சி இடங்களை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் தயார்செய்யும் திட்டங்களில் நான் விட்டுக்கொடுக்காத நிபந்தனை ஒன்று உண்டு. செலவு மாணவர் தலையில் விழக்கூடாது. வேலை தேடித் தருவதற்குத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பொதுவிதி. கடன் வாங்கிக்கொண்டு போகிறவர் அங்கே எதையும் எதிர்த்துக் கேட்க மாட்டார், எவ்வளவு மோசமானாலும் பொறுத்துக்கொள்வார். அதேபோல், உலக சுகாதார அமைப்பு 2010-இல் கொண்டுவந்த நடத்தை நெறி, செவிலியரும் மருத்துவரும் பற்றாக்குறையாக உள்ள நாடுகளிலிருந்து ஆள் சேர்ப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்கிறது. ஆளை எடுத்துக்கொள்ளும் நாடு, அனுப்பும் நாட்டின் கல்லூரிக்கு ஆய்வகமோ ஆசிரியர் பயிற்சியோ தருகிறதா என்று ஒப்பந்தத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு: ஒரு துறை, இரண்டு அல்லது மூன்று நிறுவனம், அவ்வளவு போதும். பல பக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தத்தோடு ஒரு பக்கத் தாளும் இருக்கட்டும். அதில் மூன்று தரப்பிலும் பொறுப்பானவரின் பெயரும், அவர் மாறிப்போனால் அடுத்தவரின் பெயரும் இருக்க வேண்டும். துணைவேந்தர் மாறினார், மேலாளர் வேறு கிளைக்குப் போனார், அதிகாரி இடமாற்றம் ஆனார் என்பதாலேயே நின்றுபோன நல்ல திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். மாணவனுக்குக் கொடுக்கும் வேலை, அவன் செய்யாவிட்டால் யாராவது செய்தே ஆக வேண்டிய வேலையாக இருக்கட்டும், சம்பளமும் இருக்கட்டும். சம்பளம் இல்லாத பயிற்சிக்கு வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே வர முடியும்.

சிறு நிறுவனங்களை விட்டுவிடாதீர்கள். பெரிய நிறுவனத்தில் மாணவன் ஒரு மூலையை மட்டும் பார்ப்பான். சிறியதில் வாடிக்கையாளர் அழைப்பிலிருந்து பொருள் அனுப்புவது வரை எல்லாம் கண்முன் நடக்கும். முழுப் பயிற்சியையும் தனியாகத் தரும் வசதி அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான். ஜெர்மனியில் சில நிறுவனங்கள் சேர்ந்து பயிற்சி பெறும் ஒருவரை ஏற்றுக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. வடிவமைப்பு ஓரிடத்தில், சோதனை இன்னோரிடத்தில், ஏற்றுமதி ஆவணங்கள் மூன்றாவது இடத்தில் என்று பிரித்துக்கொள்ளலாம். இதற்கு நடுவில் நின்று ஒருங்கிணைக்க ஒரு முழுநேர ஆள் வேண்டும். அந்த ஒருவரின் சம்பளத்தை அரசு ஏற்றுக்கொண்டாலே போதும். நான் பேசிப் பார்த்த சிறுதொழில் உரிமையாளர்களில் பலர், காகித வேலையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் அடுத்த பருவத்துக்கே மாணவரை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.